நள்ளிரவு 12 மணிக்கு மேல் ஆன்லைன் கேம் ஆடினால் கேஸா? ஷிஃப்ட் முடிந்து ‘பார்ட்டி’ சேரும் நண்பர்களுக்கு ஒரு விளக்கம்

“மச்சான், பன்னெண்டு மணிக்கு மேல லாகின் பண்ணா இனிமே கேஸாம்டா. ஃபார்வேர்டு வந்திருக்கு பாரு.”

2025 பிப்ரவரியில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்த மெசேஜ் இது. குரூப்பில் மொத்தம் 5 பேர், எல்லாரும் பொன்னேரியில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருத்தன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் ஷாப். இன்னொருத்தன் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையில் குவாலிட்டி. மூன்றாமவன் ஆந்திர எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டிக்குப் போய்வருகிறான். நான்காமவன் சிங்கப்பூரில் கட்டுமான வேலை. ஐந்தாவது நான், சென்னையில் செய்தி டெஸ்க்.

நாங்கள் 5 பேரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து 3 வருஷம் ஆகிறது. ஆனால் வாரத்துக்கு ரெண்டு, மூணு தடவை ஒன்றாகத்தான் இருக்கிறோம், ‘ஆல்பியன் ஆன்லைன்’ என்ற கேமுக்குள். வாள், கோடாரி, மந்திரக்கோல், பாதாளக் குகை, பேய்ப்படை எல்லாம் உள்ள கற்பனை உலகம் அது. அதனால் அந்த ஃபார்வேர்டு எங்களை நிஜமாகவே பயமுறுத்தியது. பி ஷிஃப்ட் முடித்து ஒருத்தன் ராத்திரி 11 மணிக்குத்தான் வீடு சேருவான். நான் டெஸ்க்கை விட்டு எழுந்து ரூமுக்குப் போவதும் அதே நேரம்தான். 12 மணிக்குக் கதவைப் பூட்டினால் எங்களுக்கு ஆட்டமே கிடையாது.

இந்தச் சந்தேகம் எங்களுக்கு மட்டும் இல்லை. அந்த வாரம் எங்கள் டெஸ்க்குக்கு வந்த கேள்விகளில் பாதி இதே கேள்விதான். ஆகவே முதலில் சட்டம்.

12 மணித் தடை யாருக்கு?

சுருக்கமான பதில்: பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளுக்கு மட்டும்.

ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ச்சியாக வந்துகொண்டிருந்த காலத்தில், தமிழக அரசு நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடை மற்றும் ஆன்லைன் விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தை அரசு கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி உருவானது தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம். அந்த ஆணையத்தின் 2025 பிப்ரவரி விதிமுறைகளில்தான் இந்த 12 மணி விவகாரம் வருகிறது.

விதிமுறைகளின் பெயரிலேயே ‘ரியல் மணி கேம்ஸ்’ என்று இருக்கிறது. அதாவது காசு வைத்து ஆடும் ஆட்டங்கள். அவற்றை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆடக்கூடாது. ஆதார் சரிபார்ப்பு வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை திரையில் வர வேண்டும். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே விடக்கூடாது. கேம் நிறுவனங்கள் இதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் போயின. 2025 ஜூன் 3 அன்று நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், கே.ராஜசேகர் அமர்வு, விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஃபார்வேர்டு மெசேஜ் எழுதினவர் ‘ரியல் மணி’ என்ற ரெண்டு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார். மீதி எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்!

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு ஒரே நாளில் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனது. ராத்திரி ஆடிவிட்டுப் படுத்து, காலையில் எழுந்து பார்த்தால் கேம் இல்லை என்ற அனுபவம் எங்கள் வயசுக்காரர்கள் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அவை நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் எடுத்த நடவடிக்கைகள். நேரக் கட்டுப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டதே?

ஆமாம், அது இன்னும் பெரியது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை, அது திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கே போகாமல், மொத்தமாகத் தடை செய்கிறது இந்தச் சட்டம். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். சில நாட்களுக்குள்ளேயே பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன.

எங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது வேறு பக்கம். அந்தச் சட்டம் ஆன்லைன் விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது. ஒன்று பண ஆட்டம். இரண்டாவது இ-ஸ்போர்ட்ஸ்: பதிவு பெற்ற போட்டிகள், பரிசுப் பணம் உண்டு, பந்தயம் கிடையாது. மூன்றாவது, சமூக விளையாட்டுகள். பொழுதுபோக்குக்காக ஆடுவது, பணம் ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு இல்லாதது. இதற்கு மாதச் சந்தா கட்டலாம், ஒருமுறை நுழைவுக் கட்டணம் கட்டலாம், அது பந்தயத் தொகையாக இல்லாதவரை பிரச்சினை இல்லை.

நண்பர்கள் கூடிப் பேய் அடிக்கும் ஆட்டம் இந்த மூன்றாவது வகைக்குள் வரும். நீங்கள் சந்தா கட்டியிருந்தாலும், கதாபாத்திரத்துக்குப் புதுச் சட்டை வாங்கியிருந்தாலும் அப்படித்தான். கேம் நிறுவனம் உங்களுக்குத் திருப்பிப் பணம் தருவதில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஆடினாலும் அது பண ஆட்டம் ஆகாது.

ஆனால் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு இந்த மாதிரி கேம்கள் எப்படி ஓடுகின்றன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பப்ஜிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் எல்லாம் மேட்ச். அரை மணி நேரத்தில் முடியும், அடுத்த மேட்ச் புதுசாகத் தொடங்கும். நாங்கள் ஆடும் வகைக்கு முடிவே கிடையாது. நீங்கள் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும், சிப்காட் உலை மாதிரி. சந்தையில் விலை ஏறும், இறங்கும். நேற்று நீங்கள் வெட்டிய மரத்தை இன்று வேறொருவர் வில்லாக்கி விற்றுக்கொண்டிருப்பார்.

இந்த யோசனைக்கு வயசு கிட்டத்தட்ட 50. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் எழுதிய ‘மட்’ என்ற ஆட்டம்தான் தொடக்கம். படமே கிடையாது, வெறும் எழுத்து. “வடக்கே போ” என்று டைப் பண்ணினால் வடக்கே என்ன இருக்கிறது என்று வாக்கியமாக வரும். அதன்பிறகு 1997-ல் அல்டிமா ஆன்லைன், 1999-ல் எவர்க்வெஸ்ட், 2001-ல் ரூன்ஸ்கேப், 2004-ல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். நம்ம ஊரில் பிரவுசிங் சென்டர் காலத்தில் ராக்னராக் ஆன்லைன் ஆடிய அண்ணன்கள் இன்னும் அதைப் பற்றிப் பெருமூச்சோடு பேசுவார்கள்.

ஆல்பியன் ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் உருவான கேம். 2017-ல் வந்தது. 2021 ஜூனில் மொபைலுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு வழி திறந்தது. ஏனென்றால் 5 பேரில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் காக்களூர்க்காரன் ஒருத்தன்தான்.

இதில் ‘பார்ட்டி’ என்பது குழு. குழுவில் மூணு வேலை முக்கியம். முன்னால் போய் அடியையெல்லாம் தன் பக்கம் இழுத்து வாங்கிக்கொள்பவர் டேங்க். பின்னால் நின்று அடிப்பவர்கள் டேமேஜ். அடிபட்டவர்களின் உயிரை ஏற்றிக்கொண்டே இருப்பவர் ஹீலர். தேர் இழுக்கும்போது வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், சக்கரத்தின் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு ஓடுபவரை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர் ஒரு நிமிஷம் தவறினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறும். ஹீலர் அந்த ஆள்தான். எங்கள் ஹீலர் கும்மிடிப்பூண்டி பிரஸ் ஷாப்காரன். ஐந்து பேர் பாதாளக் குகைக்குள் இறங்கினால் அவன் இல்லாமல் நாங்கள் நாலு பேரும் ரெண்டு நிமிஷம் தாங்க மாட்டோம்.

ஆல்பியனில் செத்தால் நஷ்டம் நிஜமாகவே வலிக்கும். வரைபடத்தில் நீலம், மஞ்சள் பகுதிகளில் மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொன்று பறிக்க முடியாது. சிவப்பிலும் கறுப்பிலும் அப்படி இல்லை. செத்தால் உடம்பில் போட்டிருந்தது, பையில் இருந்தது எல்லாம் போச்சு. கொஞ்சம் அழிந்துபோகும், மிச்சத்தைக் கொன்றவன் எடுத்துக்கொள்வான். ஒரு மாசம் சேர்த்த கவசம் ஒரு வளைவில் போய்விடும். அதனால்தான் தெரியாதவர்களோடு போவதைவிட நண்பர்களோடு போவது. “முன்னாடி ரெண்டு பேர் நிக்கிறானுங்க, திரும்பு திரும்பு” என்று கத்தும்போது எதிர்முனையில் இருப்பவன் ஒன்பதாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவனாக இருந்தால், நாம் கேள்வி கேட்காமல் திரும்புவோம்.

இங்கிருந்து ஆடினால் லேக் ஆகாதா?

இதில் வடசென்னைக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஒரு வசதி இருக்கிறது. 2023 மார்ச்சில் ஆசிய ஆட்டக்காரர்களுக்கென்று ஆல்பியன் தனி சர்வர் திறந்தது. அது இருப்பது சிங்கப்பூரில். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகக் கடலடி கேபிள்கள் போகின்றன. 2002-ல் போட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கணக்குப் போட்டால் போக 16 மில்லி செகண்ட், வர 16. கருவிகளில் ஆகும் தாமதமெல்லாம் சேர்த்து எனக்கு நல்ல நாளில் 50-க்குப் பக்கத்தில் காட்டும். முன்பு வேறு கண்டத்து சர்வரில் ஆடியபோது இருந்த நிலைமையோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம்.

சிங்கப்பூர் நண்பனுக்கு சர்வர் பக்கத்துத் தெருவில் இருக்கிற மாதிரி. ஆனால் அவனுக்கு வேறு பிரச்சினை. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாம் 12 மணிக்குக் கூப்பிட்டால் அவனுக்கு விடியற்காலை 2.30. காலையில் சைட்டுக்குப் போக வேண்டியவனை அந்த நேரத்தில் எழுப்புவது பாவம்.

டேட்டா பற்றியும் ஒரு வார்த்தை. தினம் ஒன்றரை ஜிபி பேக் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஆடும்போது வீடியோ பார்ப்பதைவிட மிகக் குறைவாகத்தான் செலவாகும். அப்டேட் வரும் நாளில் மட்டும் யாருடைய வைஃபையையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லை எங்கே? வெள்ளியை விற்ற கதை

கேமுக்குள் வெள்ளி என்ற நாணயம் உண்டு. மரம் வெட்டி, கல் உடைத்து, பேய் அடித்து அதைச் சேர்க்கலாம். நிஜப் பணம் கொடுத்துக் கேம் நிறுவனத்திடம் தங்கம் வாங்கி, அதைச் சந்தையில் வெள்ளியாக மாற்றலாம். எதிர்த்திசையில், அதாவது வெள்ளியை நிறுவனத்திடம் கொடுத்து ரூபாய் வாங்க முடியாது. அந்தக் கதவு மூடியிருப்பதால்தான் இது பண ஆட்டம் இல்லை.

ஆனால் பின்வாசல் ஒன்று எப்போதும் திறந்திருக்கும். “வெள்ளி வாங்கறேன், ஜிபே பண்றேன்” என்று சாட்டில் மெசேஜ் வரும். எங்கள் காக்களூர் நண்பன் ஒருமுறை விழுந்தான். ரெண்டு மாச உழைப்பில் சேர்த்த வெள்ளியைக் கேமுக்குள் ஒப்படைத்தான். எதிரே வந்தது பணம் அனுப்பியதாக ஒரு ஸ்க்ரீன்ஷாட். பொய்யான ஸ்க்ரீன்ஷாட். பேங்க் பேலன்ஸைப் பார்ப்பதற்குள் அந்த ஆள் பிளாக் பண்ணிவிட்டுப் போய்விட்டான். புகார் பண்ணலாம் என்றால், வெளியே விற்பது கேமின் விதிக்கே எதிரானது. புகார் கொடுத்தால் முதலில் போவது இவன் அக்கவுன்ட். மூணு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தான். பணத்துக்காக இல்லை, நாங்கள் சிரிப்போம் என்று.

(சிரித்தோம். பிறகு ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டுக் கொடுத்தோம்.)

சட்டப்படியும் இது விளையாட்டுக் காரியம் இல்லை. 2025 மத்தியச் சட்டம் ‘பிற பந்தயப் பொருள்’ என்பதற்குத் தரும் விளக்கம் மிக அகலமானது. பணமாக மாற்றக்கூடிய நாணயம், டோக்கன், பொருள், அது நிஜமோ டிஜிட்டலோ, எல்லாம் அதற்குள் வரும். சும்மா ஆடுபவருக்கு இதனால் ஒன்றும் இல்லை. ஆனால் “தோத்தவன் 500 ரூபாய் போடணும்” என்று குழுக்களுக்குள் பந்தயம் கட்டுவது, கேம் பொருளை வைத்துச் சூதாட்டத் தளங்களில் சுற்றுவது எல்லாம் வேறு சாலை. மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதைவிட நடத்துபவரைத்தான் குறிவைக்கிறது. தமிழ்நாட்டின் 2022 சட்டம் அப்படி விடவில்லை: ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் வக்கீல் இல்லை. ஆனால் ‘சும்மா ஜாலிக்கு’ என்பது எந்தச் சட்டத்திலும் விதிவிலக்காக எழுதப்படவில்லை என்பது படித்தவரை தெரிகிறது.

உங்கள் வங்கிப் பணமே போயிருந்தால் தயங்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

சரி, சட்டம் ஒன்றும் செய்யாது. உடம்பு?

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் என்பது ஏ, பி, சி. காலை 6 முதல் மதியம் 2. மதியம் 2 முதல் ராத்திரி 10. ராத்திரி 10 முதல் காலை 6. பல கம்பெனிகளில் வாரத்துக்கு ஒருமுறை மாறும். ஒரு வாரம் பகலில் தூங்கிய உடம்பை அடுத்த வாரம் ராத்திரி தூங்கு என்று சொன்னால் அது கேட்காது. இதோடு சேர்த்து, 5 பேரின் நேரமும் ஒத்துவரும் ஜன்னல் வாரத்தில் ரெண்டு மணி நேரம்கூட இருக்காது. அதனால் அது கிடைக்கும்போது யாரும் விட மனசு வராது.

ஒரு புதன்கிழமை. எனக்கு வார விடுமுறை. காக்களூர் நண்பன் ஐந்தரைக்கே வேலை முடித்திருந்தான். ஸ்ரீசிட்டிக்காரன் ஏ ஷிஃப்ட். சிங்கப்பூரில் இரவு 8 மணி, அவனும் ஃப்ரீ. எங்கள் ஹீலருக்கு அந்த வாரம் சி ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தவன் மதியம் 1 மணிக்கு எழுந்திருந்தான். வழக்கமாக சாயங்காலம் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத்தான் 9 மணிக்குக் கிளம்புவான்.

7 மணிக்கு, “நான் கொஞ்சம் படுக்கறேன்டா” என்றான்.

“இன்னும் ஒரே ஒரு டஞ்சன் மச்சான். நீ இல்லாம முடியாது.” இதைச் சொன்னது நான்தான்.

ஒன்று, மூன்று ஆனது. எட்டரைக்கு ஓடிக் குளித்து வேலைக்குப் போனான். மறுநாள் காலை 6 மணிக்கு ஷிஃப்ட் முடித்து, பைக்கில் தேசிய நெடுஞ்சாலையில் பொன்னேரிக்குத் திரும்பும்போது, தச்சூர் கூட்டுரோட்டுக்கு முன்னால் ஒரு நொடி கண் மூடியிருக்கிறான். சாலைத் தடுப்பில் உரசி விழுந்தான். முழங்காலில் 6 தையல். பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அந்தச் சாலையில் காலை 6.15-க்குப் பின்னால் லாரி வராமல் இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

பிறகுதான் படித்துப் பார்த்தேன். 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்பது அதன் முடிவு. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வரம்பே 0.03 சதவீதம்தான். மதியம் 1 மணிக்கு எழுந்தவன் காலை 6 மணிக்கு பைக்கை ஸ்டார்ட் பண்ணினான். எண்ணிப் பாருங்கள், சரியாக 17 மணி நேரம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவன்.

இதில் கவனியுங்கள், நாங்கள் நள்ளிரவில் ஆடவே இல்லை. சாயங்காலம் 7 மணிக்கு ஆடினோம். எந்தத் தடை நேரத்திலும் சிக்காத, வீட்டில் யாரும் திட்டாத நேரம். எல்லாருக்கும் பொதுவான கெட்ட நேரம் என்று ஒன்று கடிகாரத்தில் இல்லை, அவரவர் ஷிஃப்ட்டைப் பொறுத்து அது மாறுகிறது. பிரஸ் மெஷினில் நிற்பவனுக்கு அது இன்னும் கறாரானது. முழங்காலோடு போனது என்று அவன் அம்மா கோயிலுக்குப் போய்வந்தார்கள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடிமை ஆகிவிட்டான் என்று எப்போது சொல்வது?

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ‘கேமிங் கோளாறு’ சேர்க்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. மணிக்கணக்கை வைத்து அவர்கள் அளக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தும் கட்டுப்பாடு கையைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முன்னால் வருவது, கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தும் தொடர்வது, இப்படிப் பொதுவாக 12 மாதம் நீடிப்பது. படிப்போ வேலையோ உறவோ அதனால் தெளிவாகப் பாதிக்கப்பட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆடியதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. பொருந்துகிறது என்று தோன்றினால் 14416, அரசின் டெலி மானஸ் உதவி எண், தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே ஒரு கிளினிக் நடக்கிறது.

“முகம் தெரியாதவங்களோட என்னடா பேச்சு?” என்பது அடுத்த கேள்வி. இதற்கு நான் எப்போதும் சொல்வது மாட்ஸ் ஸ்டீன் என்ற நார்வே இளைஞரின் கதை. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர், 2014-ல் 25 வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து போய்விட்டான் என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள். அவருடைய வலைப்பூவில் இறப்புச் செய்தியை எழுதினார்கள். அடுத்தடுத்து முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மெயில்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ‘இபெலின்’ என்ற பெயரில் அவர் வருஷக்கணக்காக ஒரு குழுவோடு ஆடிவந்திருக்கிறார், பலரின் கஷ்டங்களில் கூட நின்றிருக்கிறார். இறுதிச் சடங்குக்கு வேறு நாடுகளிலிருந்து அந்த நண்பர்கள் வந்தார்கள். 2024-ல் இதைப் பற்றிய ஆவணப்படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. என் அம்மாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். பாதியில் அழுதார். படம் முடிந்ததும், “அதுக்காக நீ ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கணும்னு அர்த்தம் இல்ல” என்றார். சரிதான்.

இப்போ எப்படி ஆடறோம்?

விபத்துக்குப் பிறகு மூணு வாரம் யாரும் கேமைத் திறக்கவில்லை. முதலில் திறந்தது அவன்தான், காலை நீட்டி வைத்துக்கொண்டு. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தான். ஒவ்வொரு ஞாயிறும் கம்பெனியில் ஷிஃப்ட் சார்ட் ஒட்டியதும் அதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவான். ஸ்ரீசிட்டிக்காரனும் போடுவான். அதைப் பார்த்துத்தான் நேரம் குறிப்போம். ஏ ஷிஃப்ட் வாரம் என்றால் அந்த ஆளை ராத்திரி 9-க்கு மேல் கூப்பிடக்கூடாது. சி ஷிஃப்ட் என்றால் சாயங்காலம் 6-க்கு விட்டுவிட வேண்டும். “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்ற வார்த்தையை யார் சொன்னாலும் அடுத்த டீ அவர் செலவு. எனக்கு இதுவரை நிறைய டீ பாக்கி இருக்கிறது.

ஹீலர் ஒருத்தனையே நம்பி இருந்ததுதான் ‘நீ இல்லாம முடியாது’ என்ற நிலைமைக்குக் காரணம். ஆல்பியனில் ஆயுதத்தை மாற்றினால் வேலையும் மாறும், கதாபாத்திரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதனால் சிங்கப்பூர் நண்பன் புனிதக் கோலைக் கையில் எடுத்து ஹீலர் வேலை பழகிக்கொண்டிருக்கிறான். சி ஷிஃப்ட் வாரங்களில் அவன்தான் இப்போது எங்கள் உயிரைக் காப்பாற்ற வேண்டும்.

போன புதன்கிழமை ரெண்டு தடவை எங்களைச் சாகவிட்டான். ஒரு கவசம், ரெண்டு குதிரை நஷ்டம். கும்மிடிப்பூண்டியில் ஒருத்தன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான்.